பாவனைப் பறப்பும் மெய்ம்மைப் பிரச்சினையும்

எழுத்தில் அமையாத எதனையும் விமரிசனத்துக்குரிய பொருளாகக் கொள்ளத் தயங்கும் மனோபாவம் நமது பல்கலைக்கழகத் தமிழ்ச் சூழலில் நெடுங்காலமாக நிலவி வந்துள்ளது. நாட்டுக்கூத்தே ஒரு காலத்தில் பாமரர் பொழுதுபோக்கென ஒதுக்கப்பட்டிருந்தது. 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் அதனை மேடைக்கும் ஆய்வுக்கும் கொண்டுவந்த பின்னரே அதுபற்றிப் பேசுவது அறிவுலகில் மதிப்புக்குரியதாயிற்று. கணினித் திரையின் முன்னமர்ந்து, கற்பனை விமானமொன்றை மணிக்கணக்கில் செலுத்தும் பொழுதுபோக்கினைப் பற்றி இச்சஞ்சிகையில் எழுதத் துணிவதற்கு இந்த முன்னுதாரணமே போதுமானது. கூத்தும் இதுவும் ஒரே தரத்தன என்பது எனது வாதமன்று. மனிதர் விரும்பிச் செய்யும் போலச்செய்தல் எதுவாயினும் அதன் சுவை எங்கிருந்து பிறக்கின்றது என்ற வினா விமரிசகனுக்கு உரியதே என்பதுதான் வாதம்.

இதனை இக்கட்டுரையில் பாவனைப் பறப்பு எனக் குறிப்பிடுகின்றேன். ‘பாவனை’ என்பது நம் நாட்டில் ‘பயன்பாடு’ என்ற பொருளிலும் வழங்குவதால் சிறிது மயக்கம் நேரலாம். இங்கு அது போலச் செய்வதையே சுட்டும். வீட்டு மேசையில் ஒரு கணினி, திரை, கைப்பிடி, வசதியுள்ளோரிடத்துக் காலால் மிதிக்கும் சுக்கான் மிதிகள் - இவ்வளவே இதற்கு வேண்டிய உபகரணங்கள். சாதாரணக் கணினி விளையாட்டுக்களினின்றும் இதனை வேறுபடுத்துவது யாதெனில், இதில் பகைவன் இல்லை, புள்ளி இல்லை, வெற்றியும் இல்லை. புறப்பட்ட விமானம் போய்ச் சேர்கின்றது. அவ்வளவுதான். இத்தகைய ஒன்றிலே பல்லாயிரக்கணக்கானோர் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஈடுபட்டு வந்திருப்பது சற்று வியப்புக்குரியதே.

விமானம் என்றதும் புட்பக விமானத்திலிருந்து தொடங்குவது நமது கட்டுரையாளர் வழக்கம். அதனை நான் தவிர்க்கின்றேன். புட்பகத்தைச் செலுத்த எவரும் கற்க வேண்டியிருக்கவில்லை. எனவே அது நமது பொருளுக்கு உதவாது. திருத்தக்கதேவரின் சீவகசிந்தாமணியில் வரும் மயிற்பொறியோ முற்றிலும் வேறானது. சச்சந்தன் அதனைச் செய்வித்ததோடு நின்றுவிடவில்லை. மாடங்களையும் சோலைகளையும் அடுத்துச் சில நாள் சிறிது சிறிதாகப் பறக்கவிட்டு, விசையை முறுக்கும் முறையினை விசயைக்கு உணர்த்துகின்றான். அவளும் உணர்ந்து கொள்கின்றாள். வலமாகத் திருகினால் எழும். இடமாகத் திருகினால் இறங்கிக் கால் குவித்து நிற்கும். பறத்தல் என்பது வரமன்று, பயிற்சியால் வருவது என்ற எண்ணம் இவ்வளவு தெளிவாகப் பதிவாகியிருப்பது கவனிக்கத்தக்கது. ஆயின், காவியம் அப்பயிற்சியின் எல்லையையும் உடனே காட்டிவிடுகின்றது. உண்மையான ஆபத்தில் அவள் தனியே பறந்து செல்கையில் கட்டியங்காரனின் வெற்றி முரசு செவியில் விழுகின்றது. கணவன் இறந்தானென உணர்ந்து அவள் மயங்கிச் சோர, பொறி சுடுகாட்டில் இறங்குகின்றது. சோலைமேற் பறந்து பழகிய நாட்களில் அந்த முரசு ஒலிக்கவில்லை. பாவனைக்கும் உண்மைக்கும் உள்ள இடைவெளியைப் பற்றி இதனினும் செறிவாகச் சொல்லப்பட்டதை நான் அறியேன்.

இனி, இக்காலப் பாவனைப் பறப்பின் தோற்றத்தை நோக்குவோம். ஐக்கிய அமெரிக்காவில் நியூ யோர்க் மாநிலத்துப் பிங்ஹாம்ரன் நகரில் பியானோவும் ஓர்கனும் செய்யும் தொழிற்சாலை ஒன்றினை நடத்தியவரின் மகன் எட்வின் லிங்க். ஓர்கன் இசைக்கருவிக்குக் காற்றூட்டும் துருத்திகளைக் கொண்டே அவர் 1929ஆம் ஆண்டளவில் ஒரு பயிற்சிப் பொறியை அமைத்தார். சிறகு முளைத்த தொட்டில் போன்ற அப்பெட்டியினுள் அமர்ந்து கைப்பிடியை அசைத்தால், துருத்திகள் ஊதியும் சுருங்கியும் பெட்டியைச் சாய்க்கும், திருப்பும், நிமிர்த்தும். இசைக்கருவியின் உறுப்புக்கள் பறத்தலைப் பாவனை செய்யப் பயன்பட்டமை அழகான ஒரு தற்செயல். ஆனால், முதலில் அதனை வாங்கியோர் பெரும்பாலும் களியாட்டப் பூங்காக்களை நடத்தியோரேயாவர். 1934இல் அமெரிக்க இராணுவ விமானப் பிரிவினர் தபால் விமானச் சேவையைப் பொறுப்பேற்று, மோசமான காலநிலையில் குறுகிய காலத்துள் விமானிகள் பலரை இழந்த பின்னரே இராணுவம் அத்தகைய 6 பொறிகளை வாங்கிற்று. இரண்டாம் உலக யுத்தம் முடிவதற்கிடையில் பத்தாயிரத்துக்கு மேற்பட்டவை செய்யப்பட்டிருந்தன. பொழுதுபோக்குப் பண்டமாகப் பிறந்த பொறி யுத்தத்தின் கருவியாகிப் பின்னர் மீண்டும் பொழுதுபோக்காக வீட்டுக்குள் நுழைந்த இந்தச் சுற்றுவட்டத்தை, அக்கலையின் சமூகப் பின்னணியை ஆராய்வோர் மனங்கொள்ள வேண்டும்.

லிங்கின் பொறி கற்பித்தது எதனை என்பது இன்னும் முக்கியமானது. முகிலுக்குள் நுழைந்த விமானிக்கு அடிவானம் மறைந்துவிடுகின்றது. அவ்வேளையில் அவனது உட்காது அவனுக்குப் பொய் சொல்லத் தொடங்கும். விமானம் சீராக வளைந்து திரும்பிக்கொண்டிருக்கையில் நேரே செல்வதாக உணர்வான்; வளைவினை நிமிர்த்தியதும் மறுபக்கம் சாய்ந்துவிட்டதாக உணர்வான். இந்த உணர்வை நம்பியவர்கள் மாண்டார்கள். உடலை நம்பாதே, மானிகளை நம்பு என்பதே அப்பெட்டி புகட்டிய பாடம். வீட்டுப் பாவனைப் பறப்பில் உடலுணர்வு இல்லை என்பது பொதுவாகக் கூறப்படும் குறைபாடு. நாற்காலி அசைவதில்லை; வயிறு புரள்வதில்லை; அச்சமும் இல்லை. முகிலுக்குள் பறக்கும் கலையைப் பொறுத்தவரையிலோ இக்குறை அத்துணை பாரதூரமானதன்று. உடல் பொய் சொல்லும் இடத்தில் உடல் மௌனமாயிருப்பது நட்டமாகாது. சுழியோடும் காற்றில் சிறு விமானமொன்றைத் தரையிறக்குவது வேறு விடயம். அங்கே உடலே ஆசான். வீட்டுத் திரை அங்கே தோற்றுவிடுகின்றது.

இல்லினோய்ப் பல்கலைக்கழக மாணவராயிருந்த புரூஸ் ஆட்விக் என்பார், கணினி தோற்றுவிக்கும் இயங்கு பறப்புக் காட்சியைப் பற்றி 1975இல் ஆய்வேடொன்றை எழுதினார். பல்கலைக்கழக ஆய்வேடுகள் நூலகத் தட்டுக்களில் உறங்குவதே உலக வழக்கு, இது உறங்கவில்லை. அவர் தொடங்கிய நிறுவனம் அப்பிள் 2 கணினிக்கு வெளியிட்ட பறப்புச் செயல்நிரல், பின்னர் 1982இல் மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் பெயரில் ஐபிஎம் கணினிக்கு வந்தது. அந்த ஆதிநிலை உலகத்தை இன்று கண்டால் சிரிப்பு வரலாம். நிலம் என்பது சில கோடுகள். மலை என்பது வெறும் முக்கோணச் சட்டகம். மிச்சிகன் ஏரி ஒரு நிறத் தட்டு. அதன் கரையில் நிமிர்ந்து நிற்கும் சில கோடுகளே சிக்காகோ நகரம். ஆயினும், அக்கோடுகளைக் கண்டு ஒரு தலைமுறை தான் பறப்பதாக நம்பிற்று. எவ்வாறு?

கூத்துக் களரியை நினைத்துப் பார்த்தால் விடை கிடைக்கும். களரியில் திரைச்சீலையும் இல்லை, அரண்மனையும் இல்லை. வட்டமாக ஆடிவரும் ஆட்டக்காரனின் தாளக்கட்டே தேரையும் குதிரையையும் நம் கண்முன் கொணர்கின்றது. எஞ்சியதைப் பார்ப்போன் நிரப்பிக்கொள்கின்றான். ஆட்விக்கின் கோட்டுலகிலும் இதுவே நிகழ்ந்தது. கைப்பிடியை இழுத்தால் மூக்கு உயர்கின்றது, மூக்கு உயர்ந்தால் வேகம் குறைகின்றது, வேகம் மிகக் குறைந்தால் விமானம் தாங்குவிசையை இழந்து விழுகின்றது என்ற காரண காரியத் தொடர்பு அங்கே பிசகாது இருந்தது. தாளக்கட்டு அதுவே.

1960களில் ஈழத்து விமரிசனத்தில் யதார்த்தவாதம், இயற்பண்புவாதம் ஆகிய இரண்டுக்குமுள்ள வேறுபாடு பற்றிப் பெரிதும் விவாதிக்கப்பட்டது. கண்ணிற் பட்டதையெல்லாம் உள்ளது உள்ளவாறே குவிப்பது இயற்பண்புவாதம். தோற்றங்களுக்கு அடியில் இயங்கும் விசைகளைக் கண்டு அவற்றை வெளிக்கொணர்வது யதார்த்தவாதம் என அப்போது விளக்கப்பட்டது. நாவலுக்கென வகுக்கப்பட்ட இந்த வேறுபாடு பாவனைப் பறப்புக்கு எதிர்பாராத அளவு பொருந்துகின்றது. 2020 ஓகஸ்டில், பிரான்சின் போர்தோ நகரிலுள்ள அசோபோ நிறுவனம் ஆக்கிய புதிய மைக்ரோசொப்ட் பறப்புப் பாவனை வெளிவந்தது. பூமி முழுவதையும் செய்மதிப் படங்களைக் கொண்டு அமைத்துவிட்டதாக அது உரிமை கோரிற்று. தரவுகளின் அளவு இரண்டு பெற்றாபைட்டுக்கு மேல். தத்தம் வீட்டுக் கூரையைத் தேடிப் பறப்பதே பலரின் முதல் வேலையாயிற்று. அந்த ஆவலை நான் எள்ளி நகையாடவில்லை; அடியேனும் தேடியவனே.

ஆனால், வெளிவந்த சில நாட்களிலேயே மெல்பேண் நகரின் தாழ்ந்த வீடுகள் நிறைந்த புறநகர்ப் பகுதியொன்றில் 212 மாடிகள் கொண்ட கோபுரமொன்று ஊசிபோல் எழுந்து நிற்பதை விமானிகள் கண்டனர். பொதுமக்கள் திருத்தக்கூடிய திறந்த வரைபடமொன்றில், இரண்டு மாடி என எழுத வேண்டிய இடத்தில் யாரோ தவறுதலாக 212 என எழுதியிருந்தனர். தவறு வரைபடத்தில் திருத்தப்பட்டும் விட்டது; கணினி பழைய பதிவை நம்பி மாடிக்கு மேல் மாடி அடுக்கிற்று. பக்கிங்ஹாம் அரண்மனை அலுவலகக் கட்டடம் போல் காட்சியளித்ததும் இவ்வகையினதே. இவற்றை வெறும் தொழில்நுட்பக் கோளாறுகள் என ஒதுக்கிவிட முடியாது. குவிக்கும் முறையின் இயல்பே இங்கு வெளிப்படுகின்றது. புறநகர் எத்தகையது, அங்கு வாழ்வோர் யார், 212 மாடி அங்கே ஏன் இருக்க முடியாது என்ற அறிவு அக்குவியலுக்குள் எங்கும் இல்லை. விவரம் உண்டு, விளக்கம் இல்லை. பழைய கோட்டுலகு ஒருபோதும் இத்தகைய பிழையைச் செய்திராது. அது தெரியாததைப் பற்றிப் பேசவேயில்லை.

இதற்கு எதிர்முனையில் ஒஸ்ரின் மேயர் என்பாரின் எக்ஸ்-பிளேன் நிற்கின்றது. 1990களின் நடுப்பகுதியில் தோன்றிய அது, விமானத்தின் இறக்கைகளையும் சுழல்விசிறியையும் சிறு சிறு துண்டங்களாகப் பகுத்து, ஒவ்வொரு துண்டத்தின் மீதும் காற்று செலுத்தும் விசையைக் கணித்து, அவற்றின் கூட்டாகவே விமானத்தின் அசைவினைப் பெறுகின்றது. இன்ன விமானம் இவ்வாறு பறக்கும் என முன்கூட்டியே அட்டவணையில் எழுதி வைத்து ஒப்புவிப்பதைவிட, வடிவத்திலிருந்து நடத்தையை வருவிக்கும் இம்முறையே யதார்த்தவாதத்துக்கு நெருங்கியது என்பேன். எக்ஸ்-பிளேனின் நகரங்கள் நெடுங்காலம் பாலைவனம் போலிருந்தன என்பதும், அசோபோவின் பாவனையும் காற்றுவிசைக் கணிப்பில் வளர்ந்தே வந்துள்ளது என்பதும் உண்மை. ஆகவே கோட்டினை மிக அழுத்தி வரைய வேண்டியதில்லை. எனது சார்பு எப்பக்கம் என்பதை மாத்திரம் மறைக்க விரும்பவில்லை.

காலத்தைக் கையாளும் முறையிலும் இப்பொழுதுபோக்கு தனித்தன்மை வாய்ந்தது. கதை சொல்லும் கலைகள் யாவும் காலத்தைச் சுருக்குகின்றன. ஒரு வாழ்நாள் ஓர் இரவில் ஆடி முடிக்கப்படும். பாவனைப் பறப்பில் தீவிர ஈடுபாடுடையோரோ சுருக்க மறுக்கின்றனர். கொழும்பிலிருந்து லண்டனுக்கு ஏறத்தாழ 11 மணி நேரம் என்றால் அந்த 11 மணி நேரமும் பொறி இரைந்துகொண்டிருக்கும். இதிலே பெரும்பகுதி தன்னியக்கச் செலுத்தியின் வேலை. மனிதன் எரிபொருளைப் பார்க்கின்றான், காற்றின் திசையைப் பார்க்கின்றான், இடையில் எழுந்து சென்று தேநீர் ஊற்றி வருகின்றான். இதனை வீண்காலமெனக் கூறுவது எளிது. ஆனால், எத்தனையோ வேலைகளுக்கிடையில் சிதறிக் கிடக்கும் நகர மனிதன், ஒரு தொடக்கமும் முடிவும் உடைய, தன்னால் முழுமையாக விளங்கிக்கொள்ளக்கூடிய ஒரு செயலுக்குள் இருக்க விரும்புகின்றான் என்பதையும் இது காட்டுகின்றது. அவனது உண்மைத் தொழிலில் அத்தகைய முழுமை கிட்டுவது அரிது. வேலை முடிந்த பின்னர், வேறொருவனின் வேலையைக் கூலியின்றிச் செய்து இன்புறும் இந்நிலை சிந்திக்கத்தக்கது. அந்த வேறொருவனுக்கோ அது பிழைப்பு.

2001இல் தொடங்கப்பட்ட வற்சிம் என்னும் இணைய வலையமைப்பில் இப்பண்பு இன்னும் துலக்கமாகத் தெரிகின்றது. அங்கே சிலர் விமானிகளாகவும் சிலர் வான்வழிக் கட்டுப்பாட்டாளர்களாகவும் அமைகின்றனர். கட்டுப்பாட்டாளராக விரும்புவோர் பயிற்சி பெற்றுப் பரீட்சையும் தேற வேண்டும். எவருக்கும் சம்பளமில்லை. மாலை வேளையில் ஒரு விமானத் தளத்தை நோக்கி இருபது பேர் ஒரே நேரத்தில் வருகையில், அவர்களை வரிசைப்படுத்தி இடைவெளி தந்து இறக்கும் அந்த முகமறியாக் குரலின் நிதானத்தில் ஒரு கலைத்திறன் உண்டு. பார்வையாளரென எவரும் இல்லாத, பங்குபற்றுவோர் மாத்திரமே உள்ள அரங்கு அது. ஒருவர் தம் வேடத்தைக் கலைத்தால் எல்லோருடைய பாவனையும் கலையும் என்பதை யாவரும் அறிந்திருக்கின்றனர்.

இவ்வளவும் கூறியபின், எனக்கு உறுத்தலாயிருக்கும் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். பாவனை வானத்தின் கீழே மனிதர் இல்லை. வாகனங்கள் தெருவில் ஊர்கின்றன, விளக்குகள் எரிகின்றன. ஆயினும், மேலிருந்து பார்க்கும் கண்ணுக்குப் பூமி ஒரு நிலக்காட்சி மாத்திரமே. சில ஆண்டுகளுக்கு முன், உறவுக்காரப் பையன் ஒருவன் திரையிலே வடமராட்சிக்கு மேலாக ஒரு சிறு விமானத்தைத் தாழப் பறக்கவிட்டுக் காட்டிக்கொண்டிருந்தான். பனங்கூடல்களும் கூரைகளும் கரையோரமும் ஓரளவுக்கு அடையாளம் தெரிந்தன. பின்னால் நின்று பார்த்த அவனுடைய பெரியம்மா சிறிது நேரம் பேசவில்லை. பின்னர், “தம்பி, கீழை ஒரு சனத்தையும் காணேல்லை?” என்றார். பொம்மர் இரைச்சல் கேட்டதும் பதுங்குகுழிக்கு ஓடிய தலைமுறையைச் சேர்ந்தவர் அவர். விமானத்தைக் கீழிருந்து அண்ணாந்து பார்த்தே அறிந்தவர். மேலிருந்து பார்ப்பது அவருக்கு அதுவே முதல் தடவை. பையனுக்குக் கேள்வி விளங்கவில்லை. சனங்களையும் வரைவதானால் கணினி தாங்காது என்று தொழில்நுட்ப விளக்கமொன்றைக் கூறினான். அந்த விளக்கம் பிழையன்று. எனினும், எதனை வரையாது விடலாம் என்ற தெரிவிலேதான் ஒரு கலையின் நோக்குநிலை வெளிப்படும் என்பது விமரிசனத்தின் பாலபாடம்.

2001 செப்ரெம்பரில் நியூ யோர்க்கின் இரட்டைக் கோபுரங்கள் தகர்க்கப்பட்டபின், வெளிவரவிருந்த பதிப்பிலிருந்து அக்கோபுரங்களை மைக்ரோசொப்ட் நீக்கிற்று. இறந்தோர்க்குக் காட்டிய மரியாதை என அதனைக் கொள்ளலாம். பாவனைக்குள்ளே ஏறியமர்ந்த யாரும் அக்காட்சியை மீண்டும் நடத்திப் பார்க்கலாகாது என்ற அச்சமெனவும் கொள்ளலாம். எப்படியாயினும், தனது வானம் வெறும் வானமன்று என்பதை அப்பாவனை ஒப்புக்கொண்ட அரிய தருணம் அது.

நமது பொருளிலக்கணம் முதல், கரு, உரி என மூன்றினைப் பேசுகின்றது. நிலமும் பொழுதும் ஆகிய முதற்பொருளைத் தருவதில் இன்றைய பாவனைகளுக்கு நிகரில்லை. சிறுபொழுதின் ஒளிமாற்றத்தைக்கூட அவை காட்டுகின்றன. மரமும் நீரும் ஊரும் ஆகிய கருப்பொருளும் குறைவின்றி உள்ளன. உரிப்பொருளை மாத்திரம் எந்த நிறுவனத்தாலும் விற்க முடியவில்லை. அதனைப் பறப்பவனே கொண்டுவர வேண்டியுள்ளது. ஆயிரக்கணக்கான ரூபா கொடுத்து மேலதிக விமானங்களை வாங்கி அடுக்கி, எதிலும் முழுமையாகப் பறக்காது விடுவோரிடம் அது இல்லை என்பதை அவர்களது உரையாடலைக் கேட்ட சில நிமிடங்களில் உணரலாம்.

அது உள்ள இடத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு. ஹொங்கொங்கின் கைராக் விமானத் தளம் 1998 ஜூலையில் மூடப்பட்டது. குன்றொன்றில் தீட்டப்பட்ட சதுரங்கப் பலகை போன்ற குறியினை நோக்கிப் பறந்து வந்து, அதனை அண்மித்ததும் வலப்புறமாக 47 பாகை திரும்பி, கௌலூன் மாடிகளின் மேலாகத் தாழ்ந்து, கடலுக்குள் நீண்ட ஓடுபாதையில் இறங்க வேண்டும். இன்று உலகில் எந்த விமானியும் அவ்வாறு இறங்க முடியாது. பாவனையில் மாத்திரம் நாளாந்தம் இறங்கிக்கொண்டிருக்கின்றனர். சிக்காகோவின் மெய்க்ஸ் தளத்தின் கதை இதனினும் நெருக்கமானது. 1948இல் திறக்கப்பட்ட அச்சிறிய ஏரிக்கரைத் தளமே பழைய பதிப்புக்களில் பறப்புத் தொடங்கும் இடம். உலகெங்குமுள்ள ஒரு தலைமுறையினர் தமது ஊர்த் தெருக்களுக்கு அடுத்தபடியாக அறிந்த நிலத்துண்டு அதுவாயிருக்கலாம். அவர்களிற் பெரும்பாலோர் சிக்காகோவைக் கண்டதேயில்லை. 2003 மார்ச் 30ஆந் திகதி நள்ளிரவை அண்டிய வேளையில், மேயர் ரிச்சட் எம். டேலியின் கட்டளைப்படி மண்வாரி இயந்திரங்கள் வந்து ஓடுபாதையின் நடுவே பெரும் பெருக்கற்குறிகளைக் கிளறிவிட்டுச் சென்றன. பாதுகாப்பே காரணமென அவர் கூறினார். விடிந்தபோது 16 விமானங்கள் புறப்பட வழியின்றி அங்கே நின்றன. இப்போது அவ்விடம் பூங்கா. 2006இல் வெளிவந்த பதிப்பில் அத்தளம் இருக்கவில்லை.

ஆர்வலர் சிலர் பழைய படங்களையும் அளவைகளையும் தேடியெடுத்து, கட்டுப்பாட்டுக் கோபுரத்தையும் ஓடுபாதையையும் தாமே மீள அமைத்து, வேண்டுவோர் சேர்த்துக்கொள்ளும் வண்ணம் இலவசமாக வழங்கினர். பின்னர் வந்த ஒவ்வொரு பாவனைக்கும் யாரோ ஒருவர் அவ்வேலையைத் திரும்பவும் செய்து வருகின்றார். செய்மதிப் படத்தில் அங்கே புல்வெளியே தெரியும். அதன் மேல் ஓடுபாதையைத் தம் கையால் போர்த்திவிட்டே அவர்கள் இறங்குகின்றனர்.